சுவரில் ஏறாத பெயர்

பொறாமையே படாத மனிதன் ஒருவனைக் கொண்டுவந்து காட்டுங்கள், அவனுக்கு நான் சுடும் கூகனில் ஒரு முழுத் தட்டு என் செலவில் தருகிறேன். இத்தனை வருடம் விற்றதில் ஒருவன்கூட வந்து கேட்டதில்லை. அதனால் வெண்டல் ஸ்டோக்ஸைப் பற்றிச் சொல்லும்போது யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

இப்போது எங்கள் ஹார்லோ ஊரில் குளிர்காலத்தில் சாலைப் பனியை வழித்துத் தள்ளும் மஞ்சள் வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான். முழங்கால் மடங்காது. வண்டியில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வான். விடிவதற்குள் பள்ளிக்கூடத்துச் சாலையைத் திறந்துவிடுவான், ஆஸ்பத்திரிச் சாலையைத் திறந்துவிடுவான். விமான நிலையத்துச் சாலையை மட்டும் கடைசியாகத்தான் திறப்பான். ஊரில் எல்லோரும் அதைக் குறைசொல்வார்கள். நான் சொல்வதில்லை, எனக்குக் காரணம் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. பைசன்ஸ் என்று பெயர். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்தான், ஆனால் பெரிய லீக் அல்ல. பெரிய லீக்கின் வாசலில் கியூவில் நிற்கிறவர்களின் லீக். ஆட்டம் நடப்பது மாவட்டத்துக் கால்நடை அரங்கில். செவ்வாய்க்கிழமை காளைகளை ஏலம் விட்ட மண்மேல் வெள்ளிக்கிழமை பலகையை விரித்துப் பந்தாடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. வெளியூர் அணிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வருவார்கள், அதுவே எங்களுக்கு முதல் வெற்றி.

எனக்கு அங்கே இரண்டு வேலை. கிழக்கு வாசலில் கூகன் விற்பேன். மாவுத் தட்டில் பாலும் முட்டையும் ஊற்றி, மேலே பிளம் வைத்துச் சுடுவது, என் அம்மா வழி. இன்னொன்று, ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில் பெயர் தைப்பது. பெயரை நேரடியாகச் சட்டையில் தைக்க மாட்டேன். ஒரு துணிப்பட்டையில் எழுதி, அந்தப் பட்டையை நாலு தையலில் நிறுத்துவேன். ஏனென்றால் இந்த லீக்கில் ஆள் வருவதும் போவதும் சந்தைக்கு மாடு வருவது மாதிரி.

எதிர் வாசலில் லொரெய்ன் ஆட்டுக்கறித் துண்டு வறுத்து விற்பாள். சிஸ்லிக். என் வாசலில் ஏழு பேர் நின்றால் அவள் வாசலில் எழுபது பேர் நிற்பார்கள். வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறாள் என்று எனக்குத் தெரியும், சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான். யாராவது என்னிடம் வந்து “சிஸ்லிக் கடை எங்கே?” என்று கேட்டால் வழி சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன். மாட்டுக் கொட்டில் பக்கமாகச் சுற்றிப் போகிற வழியைச் சொல்வேன்.

பெரிய லீக்கில் யாருக்காவது காலோ கையோ பிசகினால், அங்கிருந்து கோச் ஹால்வர்சனுக்கு போன் வரும். “இன்னாரை அனுப்பு, பத்து நாளைக்கு.” அவ்வளவுதான். அந்தப் பத்து நாளுக்காகத்தான் இவர்கள் பத்து வருடம் பேருந்தில் முதுகு வலிக்கக் கிடப்பது. காலையில் செய்தித்தாள் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பெரிய லீக்கில் யாருக்கு அடிபட்டது என்றுதான். நல்ல பிள்ளைகள்தான், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் யாரோ ஒரு கோடீஸ்வரனுக்குக் கணுக்கால் பிசகியது என்று படித்தால் முகம் மலர்ந்துவிடும்.

போன் வந்தவனுக்கு எங்கள் அணியில் ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் உடைமாற்றும் அறையில் கூடி அலமாரிக் கதவுகளைத் தட்டுவார்கள். நான் பிளேடு எடுத்து அவன் சட்டையிலிருந்து பெயர்ப்பட்டையைப் பிரித்துக் கொடுப்பேன். அவன் அதைச் சுவரில் இருக்கும் பலகையில் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவான். திரும்பி வந்தால் புதுப்பட்டை தைப்பேன். சுவரில் ஏறியது இறங்காது.

வெண்டல் எட்டாவது வருடமாக ஆடிக்கொண்டிருந்தான். டொலீடோக்காரன். வயது முப்பத்தொன்று, இந்த விளையாட்டில் அது கிழவயது. பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது அவன் வேலை. எப்படிப்பட்ட கை தெரியுமா! இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் கொடுப்பான். வாங்குகிறவன் கையை நீட்டுவதற்கு முன்பே பந்து அங்கே இருக்கும். அவனிடம் பந்து வாங்கிக் கூடையில் போட்டவர்கள் எத்தனையோ பேர் சுவரில் ஏறிவிட்டார்கள். கொடுத்தவன் பெயர் மட்டும் ஏறவில்லை. அந்த ஒன்றுதான் அவனுக்கு வேண்டும். முழங்கால் இன்னும் ஒரு பருவம்கூடத் தாங்காது என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்த வருடம் நவம்பரில் கிம்ப்ரோ வந்தான். ட்ராவியன் கிம்ப்ரோ, லூசியானா பையன், இருபத்து மூன்று வயது. தாவினால் இறங்க மறந்துவிடுவான். வெண்டலுக்கு அவனையே அறைத்தோழனாகப் போட்டார்கள். நல்ல சுபாவம். என்னை “மிஸ் பெர்னி” என்றுதான் கூப்பிடுவான். வெண்டலை “பெரிசு” என்பான். வெண்டலின் பந்து, கிம்ப்ரோவின் தாவல். காத்திருந்து விளைந்த பயிர் மாதிரி டிசம்பர் முழுக்கப் பைசன்ஸுக்கு வெற்றிதான்.

ஜனவரியில் போன் வந்தது. கிம்ப்ரோவுக்கு.

அலமாரிகளைத் தட்டினார்கள். வெண்டலும் தட்டினான், உள்ளங்கையால் இல்லை, விரல் நுனியால். நான் பட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். கிம்ப்ரோ அவசரத்தில் ஒரு பக்கம்தான் ஆணி அடித்தான், மறுபக்கம் தொங்கியது. அப்படியே ஓடிவிட்டான், விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தானாம். ஆனால் வரும்போது பெரிய லீக் அணியின் பெயர் போட்ட ஒரு பை கொண்டுவந்தான். அன்றிலிருந்து வெண்டலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்து பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“அவன் அந்தப் பையைத் தரையில வைக்க மாட்டேங்கிறான் பெர்னி. நாற்காலில வைக்கிறான். ரூம்ல இருக்கிறதே ஒரு நாற்காலி. நாங்க ரெண்டு பேரும் கட்டில்ல குந்திக்கிட்டுத் திங்கிறோம், பை நாற்காலில உக்காந்து எங்களைப் பாக்குது.”

“எடுத்துக் கீழ வையேன்.”

“வச்சேன். ‘ஐயோ பெரிசு, அழுக்காயிடும்’ங்கிறான். எட்டு வருஷம் நான் அழுக்குத் தரையில கெடந்தேன், அதுக்கு யாரும் ஐயோன்னு சொல்லல.”

“பொறாமைடா உனக்கு.”

“ஆமா, பொறாமைதான். இல்லன்னு சொன்னேனா? பந்து யாரு குடுத்தது? சமைச்சவன் நானு, கரண்டி மட்டும் அவன் கையில. விருந்துக்கு வந்தவனெல்லாம் கரண்டியைத்தானே பாக்குறான்?”

நான் அவனுக்கு ஒரு துண்டு கூகன் வைத்தேன். அவன் எதிர் வாசலைப் பார்த்தான்.

“இன்னிக்கு லொரெய்ன் கடையில நல்ல கூட்டம் போல?”

“தின்னுட்டுக் கிளம்பு” என்றேன்.

அதற்குப் பிறகுதான் நான் கவனித்தேன். பந்து கிம்ப்ரோவுக்குப் போகத்தான் செய்தது. ஆனால் ஒரு மூச்சு தாமதமாகப் போனது. நெஞ்சுக்கு வரவேண்டியது முழங்காலுக்கு வந்தது. வலதுகைக்கு வரவேண்டியது இடதுகைக்கு வந்தது. குற்றம் என்று யாரும் கை நீட்ட முடியாது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு நுனிக் கரண்டியால் கிள்ளிப் போடுகிறவளை எதுவும் கேட்க முடியாதல்லவா, அந்த மாதிரி. கோச் பார்த்துவிட்டு “முழங்கால் வலிக்குதோ?” என்றார். பார்க்க வந்த ஜனம் “கிம்ப்ரோவுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு, ஆட்டம் போச்சு” என்றது. எனக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. மாட்டுக் கொட்டில் வழியாகச் சுற்றிவிடுகிற வேலை, எனக்குத் தெரியாதா?

மற்றவர்களுக்கு அவன் கொடுக்கும் பந்து எப்போதும் போலத்தான் இருந்தது. அதுவும் பெரிய லீக்கிலிருந்து ஆள் வராத நாட்களில் கிம்ப்ரோவுக்கும் ஒழுங்காகக் கொடுப்பான். கோட்டும் டையுமாக எவனாவது வந்து உட்கார்ந்துவிட்டால்தான் கை திருகிக்கொள்ளும். வருகிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பனியில் நடக்கத் தெரியாத ஷூ போட்டிருப்பார்கள். மாடு வாங்க வருகிறவன் பல்லைப் பார்ப்பான், இவர்கள் முழங்காலைப் பார்ப்பார்கள். யாரைப் பார்க்க வந்தார்கள் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று ஆட்டக்காரனிடம் முன்கூட்டியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பது இந்த லீக் முழுக்க உள்ள நம்பிக்கை. கோச்சிலிருந்து துணி மடிப்பவன் வரை ஊமையாகிவிடுவார்கள்.

மார்ச் மாதம் வந்தது. கடைசி ஆட்டம். இங்கே எங்கள் லீக்கின் கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்துக்கு நாலு சுற்று. மற்ற இடங்களில் மொத்தத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் பேச்சு. எங்கள் லீக்கில் ஆட்டத்தை ஜெயித்தால் மூன்று புள்ளி, அதோடு ஒவ்வொரு சுற்றை ஜெயித்தவனுக்கும் ஒரு புள்ளி. ஆக ஆட்டம் தோற்றாலும் கடைசிச் சுற்றை ஜெயித்தால் ஒரு புள்ளி உண்டு. அதனால்தான் ஹார்லோவில் எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள். அன்றைக்கு பைசன்ஸ் இறுதிக்கட்டப் போட்டிக்குள் நுழைய வேண்டியிருந்தது ஒரே ஒரு புள்ளி.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவர் வந்தார். வெளிர்பழுப்புக் கோட்டு, அதில் கிம்ப்ரோவின் பையில் இருந்த அதே சின்னம், மெல்லிய தோல் ஷூ, மூன்றாவது வரிசை. தண்ணீர் குடிக்க என் கடைப்பக்கம் வந்த வெண்டல் அவரைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“வந்துட்டான். அதே டீம். மறுபடியும் அந்தப் பையனுக்குத்தான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எட்டு வருஷமா என்னைப் பாக்க எவன் வந்தான், இவன் வர?”

முதல் சுற்று போனது. இரண்டாவதும் போனது. கிம்ப்ரோ பந்துக்காகக் குனிந்து குனிந்து எழுந்தான். தாவ நினைக்கும் நேரத்தில் பந்து வரவில்லை, வந்த நேரத்தில் எதிராளி மேலே விழுந்தான். மூன்றாவது சுற்றில் கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். சுற்று முடிந்தபோது இருபத்து மூன்று பின்தங்கியிருந்தோம்.

அந்த இடைவேளையில் அந்தக் கோட்டுக்காரர் எழுந்து கிழக்கு வாசலுக்கு வந்தார். என் பலகை முன்னால் நின்றார்.

“இது என்ன கேக்கா?”

“கூகன்.”

“ஒண்ணு கட்டிக் குடுங்க. ஏர்போர்ட் ரோடு எப்படி இருக்கு? பனி கொட்டும்னு சொல்றாங்களே.”

“இன்னும் திறந்துதான் இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் ஒரு சுற்று இருக்கே.”

“அதான் முடிஞ்சுபோச்சே. இருபத்து மூணு வித்தியாசம்.” பணத்தை எடுத்துக்கொண்டே திரும்பி அரங்கைப் பார்த்தார். “அந்தப் பதினொண்ணாம் நம்பர்தானே ஸ்டோக்ஸ்?”

என் கை அப்படியே நின்றது. “ஆமா. ஏன்?”

“பாஸ் குடுக்கிறதுல இவனை அடிச்சுக்க ஆளே இல்லன்னாங்க. எங்களுக்கு அந்த மாதிரி ஒருத்தன் அவசரமா வேணும். ரெண்டு விமானம் மாறி வந்தேன் இவனுக்காக.” உதட்டைப் பிதுக்கினார். “பக்கத்துல நிக்கிற பையன் கைக்கே பந்தை ஒழுங்காப் போடத் தெரியல. யாரு சொல்லை நம்பி வந்தேனோ!”

“சார், உக்காருங்க. கடைசிச் சுற்றைப் பாத்துட்டுப் போங்க. எங்க லீக்ல ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கு உண்டு.”

“அப்படியா?” என்று சிரித்தார், குழந்தை சொன்னதைக் கேட்டுச் சிரிப்பது போல.

“காபி தர்றேன். காசு வேணாம். சூடா இருக்கு.”

“இன்னொரு நாளைக்கு” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஏப்ரனோடு வாசலுக்கு வெளியே ஓடினேன். கூப்பிட்டேன். கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது. பனி அப்போதுதான் விழத் தொடங்கியிருந்தது.

உள்ளே வந்தபோது நாலாவது சுற்று தொடங்கப்போகிறது. வெண்டல் மைதான நடுவில் நின்று மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருக்கை காலி. அவன் தோள் தளர்ந்தது. காய்ச்சல் விட்டவன் முகம் மாதிரி ஆகிவிட்டது அவன் முகம். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிம்ப்ரோவைப் பார்த்துத் தலையசைத்தான்.

அடுத்து நடந்ததை இன்றைக்கும் ஊரில் பேசுகிறார்கள். கண்ணை ஒரு பக்கம் வைத்துப் பந்தை மறுபக்கம் விட்டான். முதுகுக்குப் பின்னால் விட்டான். மூன்று பேர் நடுவே ஊசியில் நூல் கோப்பது போல விட்டான். கிம்ப்ரோ தாவும் இடத்துக்குப் பந்து முன்னாலேயே போய்க் காத்திருந்தது. கூடை, கூடை, கூடை. மனிதர்கள் கொட்டில் தகரத்தை உதைத்துச் சத்தம் போட்டார்கள். லொரெய்ன் வறுப்பதை விட்டுவிட்டு வந்து பார்த்தாள், எண்ணெய் கருகியது. ஆட்டத்தைப் பன்னிரண்டு வித்தியாசத்தில் தோற்றோம். சுற்றைப் பதினொன்று வித்தியாசத்தில் ஜெயித்தோம், வேண்டியிருந்த அந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. தோற்றவர்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து, ஜெயித்த அணி ஒன்றும் புரியாமல் நின்றது.

எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் ஒரு மனிதன் தானே சிரித்துக்கொண்டு செய்துவிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குளித்துவிட்டு இருவரும் என் கடைக்கு வந்தார்கள். கிம்ப்ரோ அவன் தோளில் கை போட்டிருந்தான். வெண்டல் சிரித்த முகமாக முள்கரண்டியை எடுத்து முதல் வாய் வைத்தான்.

“சொல்லு பெரிசு” என்றான் கிம்ப்ரோ. “அவரு உன்கிட்ட என்ன சொன்னாரு?”

“எவரு?”

“கோட்டு போட்டவரு. இனிமே சொல்லலாம், ஆட்டம் முடிஞ்சுது. உன்னைப் பாக்கத்தான் அவரு வந்தாரு.”

வெண்டல் மெல்லுவதை நிறுத்தினான்.

“ஜனவரில நான் அங்க இருந்தப்ப அவங்ககிட்ட சொன்னேன். எங்க ஊர்ல ஒருத்தன் இருக்கான், அவன் பந்து குடுத்தா நொண்டியும் கூடை போடுவான்னு. போன வாரம் போன் பண்ணித் திரும்பக் கேட்டாங்க. திரும்பவும் அதையேதான் சொன்னேன்.” கிம்ப்ரோ என்னைப் பார்த்தான். “மிஸ் பெர்னி, நீங்க பாத்தீங்களா? கடைசிச் சுற்று அவருக்குப் பிடிச்சிருக்கும்ல?”

நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். வெண்டல் என் முகத்தைப் பார்த்தான், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருக்கை காலியானதைத்தான் அவனே பார்த்தானே.

“மூணு சுற்றும் உன் முழங்காலுக்குத்தான்டா போட்டேன்” என்றான், யாரிடமோ சொல்வது போல.

“தெரியும் பெரிசு.”

“என்ன தெரியும்?”

“திரும்பி வந்த வாரத்துலருந்தே தெரியும். குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே போச்சு.”

“தெரிஞ்சுமாடா போன வாரம் அவங்ககிட்ட அப்படிச் சொன்ன?”

கிம்ப்ரோவுக்குக் கேள்வியே புரியவில்லை. “அவங்க கேட்டது உன் கை எப்படின்னுதானே? கை நல்ல கைதானே.”

வெண்டல் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தான். கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போய் அந்தப் பனியில் நின்றான். வெகுநேரம் விமான நிலையத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறுதிக்கட்டத்தில் முதல் போட்டியிலேயே பைசன்ஸ் வெளியேறியது. அதில் வெண்டலின் முழங்காலும் போனது. பருவம் முடிந்து எல்லோரும் மூட்டை கட்டினார்கள். கிம்ப்ரோ லூசியானாவுக்குப் போனான். அவனையும் பெரிய லீக் பிறகு கூப்பிடவே இல்லை. வெண்டலுக்குப் போவதற்கு ஊர் இருந்தது, போகவில்லை. பிறகு லொரெய்னின் தங்கை மகளையே கட்டிக்கொண்டான். ஊரில் வேறு பெண்ணா இல்லை என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அணியின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிய அன்று, ஊன்றுகோலோடு உடைமாற்றும் அறைக்கு வந்தான். அவன் சட்டையிலிருந்து பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் பட்டையை மடித்துப் பெட்டியில் போட்ட நான், அவனுடையதைக் கையில் வைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தேன்.

“என்ன பண்ற?”

“மாட்டப்போறேன்.”

“அது கூப்பிட்டுப் போனவங்களுக்கு.”

“உன்னையும்தான் கூப்பிட வந்தாங்க.”

“வந்தாங்க. போயிட்டாங்க.” சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். “வேணாம் பெர்னி.”

சுவருக்கு எதிரே நின்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தான். பாதிப் பேர் அவன் கையால் பந்து வாங்கியவர்கள். கிம்ப்ரோவின் பட்டை இன்னமும் ஒற்றை ஆணியில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னைவிட உசரத் தாவுறான், அது அவன் காலு. வயசு கம்மி, அது அவன் அதிர்ஷ்டம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன்” என்றான். “நான் முழங்காலுக்குப் போட்ட பந்தைக் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே, என் கை நல்ல கைன்னு அவனால சொல்ல முடிஞ்சுது பாரு. அதைத்தான் பொறுக்க முடியல. அது எனக்கு வராது. எத்தனை வருஷம் ஆடினாலும் வராது.”

“ஒரு ஆணி குடு” என்றான் பிறகு.

கொடுத்தேன். கோணலாகத் தொங்கிய பட்டையை நிமிர்த்தி, இழுத்துப் பிடித்து, மறுமுனையில் ஆணியை வைத்தான். அந்த மெல்லிய பலகைக்கு இரண்டு தட்டு போதும். அவன் பலகை பிளக்கும்வரை அடித்தான்.